செல்வி ஏறி வரும் வீடு

புரட்டாசி 2, வெள்ளி
காலையில் தூறல். மண் குழைக்க நல்லது, சுவருக்குக் கெட்டது. அரசாங்கம் பட்டா கொடுத்த மூன்று சென்ட்டில் வீடு ஒருவழியாக எழும்பிவிட்டது. கூலிச் சண்டையில் மிராசு ஆள்விட்டுப் பழைய குடிசையைப் பிரித்துப் போட்டதிலிருந்து சந்தைக் கொட்டகையில்தான் குடித்தனம். மூன்று வருடம். நடக்க முடியாத பிள்ளையை அங்கே வைத்துக்கொள்ள வழியில்லாமல் செல்வியைத் தஞ்சாவூர் விடுதியில் விட்டோம். அப்போது அவளுக்குப் பதினைந்து.
வீடு இருந்தால் அனுப்புவார்களாம். இருக்கிறது. ஏறக்குறைய.
வாங்க வேண்டியது: கீற்று, கயிறு, சுண்ணாம்பு, கீல் (கதவு இன்னும் இல்லை. கீல் இருந்தால் ஒரு தைரியம்).

புரட்டாசி 4, ஞாயிறு
வெயில். தரையை இடுப்பளவு உயர்த்திவிட்டேன். வாய்க்கால் உடைத்துக்கொண்டாலும் உள்ளே தண்ணீர் வராது. நாலு படி. தெருவிலேயே உயரம். பக்கத்து மனை கோவிந்தசாமி, சங்கத்துக்காரன், "என்னண்ணே, மிராசு வீட்டவிட ஒசத்தியா?" என்றான். மீசையைத் தடவிக்கொண்டேன்.
சம்சாரம் பாக்கியம் நடவு முடிந்து சேற்றுக் காலோடு வந்தாள். வீட்டை மேலும் கீழும் பார்த்தாள்.
"அவ எப்படிய்யா ஏறுவா?"
வெள்ளத்தை நினைத்தேன், மிராசை நினைத்தேன். கையூன்றித் தரையில் நகர்ந்து வரும் என் பிள்ளையை நினைக்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்த மூளை.
கடப்பாரையைத் தேடி எடுத்து வைத்தேன்.

புரட்டாசி 6, செவ்வாய்
படியை இடித்தாயிற்று. களத்துக்கு மாட்டுவண்டி ஏற்ற விடுவோமே, அதுபோல நீளச் சரிவு. மேலே உமி தூவித் தட்டினேன், கை வழுக்காமல் இருக்க. பிறகு நானே காலை மடக்கி, கையூன்றி ஏறிப் பார்த்தேன். பாதியில் சறுக்கி வாய்க்கால் பக்கம் போய் விழுந்தேன்.
"அண்ணே, எதத் தொலைச்சீங்க?" கோவிந்தசாமிதான்.
சரிவை இன்னும் நாலு முழம் நீட்டினேன். உள்ளங்கை எரிகிறது. அவளுக்கு இது தினமும்.
கடைத்தெருவில் பஸ்காரன் "தஞ்சாவூர், தஞ்சாவூர்" என்று கத்துகிறான். ஒவ்வொரு தடவையும் ஏறிவிடலாமா என்றிருக்கிறது.

புரட்டாசி 9, வெள்ளி
விடுதி அம்மா (இனி வி.அம்மா) வீட்டைப் பார்க்க வந்தார்கள். மோர் கொடுத்தோம். சரிவில் நடந்து பார்த்தார்கள். கொல்லையில் கக்கூஸுக்குப் போட்ட கீற்று மறைப்பையும், அதுவரை மேடு பள்ளமில்லாத வழியையும் பார்த்தார்கள். "நல்லா யோசிச்சிருக்கீங்க." பாக்கியம் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.
அப்புறம் அந்தக் கேள்வி. "ரெண்டு பேரும் வயலுக்குப் போயிட்டா கூட யாருங்க இருப்பா?"
வீடு முழுக்கக் கட்டினேன், இதற்குப் பதில் கட்டவில்லை.
"நான் நின்னுக்கிறேங்க" என்றாள் பாக்கியம். அவள் நின்றால் நடவுக் கூட்டமே நின்றுபோகும். முதல் நாற்றுமுடியை அவள் வைத்தால்தான் மற்றவள் குனிவாள்.
"நான் இருக்கேங்க" என்று சொல்லிவிட்டேன். "மனு எழுதிக் குடுக்குற தொழிலும் இருக்கு. உக்காந்த எடத்துல நடக்கும்."
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து: "அண்ணன் சோறாக்கினா அதுக்கும் சங்கம்தான் போராடணும்!"
வி.அம்மாவே சிரித்துவிட்டார்கள். தாளில் 'உடனிருப்பவர்' என்ற இடத்தில் என் பெயர். "செல்வியவும் ஒரு வார்த்தை கேக்கணும்ங்க. வரேன்னு அவ சொல்லணும்."
என் பிள்ளையை என் வீட்டுக்குக் கூப்பிட யாரைக் கேட்க வேண்டும்? வாய்வரை வந்தது. பாக்கியம் பார்த்த பார்வையில் திரும்பிப் போனது.

புரட்டாசி 12, திங்கள்
தஞ்சை. நல்ல மழை. பாக்கியத்துக்கு நடவு, நான் மட்டும். செல்வி பிரம்புக் கூடை முடைந்துகொண்டிருந்தாள். தோள் அகன்றுவிட்டது. நாலு பிள்ளைகளுக்கு அவள்தான் முடையச் சொல்லிக்கொடுக்கிறாளாம்.
"தொடாதப்பா, ஆர்டர் கூடை."
சரிவு, உமி, கொல்லை வழி எல்லாம் சொன்னேன். விழுந்ததைச் சொல்லவில்லை.
"அம்மா நடவுக்குப் போனா சோறு?"
"நான்தான்."
"ஐயோ!" விழுந்து விழுந்து சிரித்தாள். எத்தனை நாளாயிற்று இந்தச் சிரிப்பைக் கேட்டு.
கண் தெரியாத சிறுமி ஒருத்தி அவள் தோளைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அந்தச் சிறுமியின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினாள் செல்வி. நுனியை இறுக்கி முடிந்தாள்.
"மொதல்ல ஒரு வாரம் வந்து பாக்குறேம்ப்பா."
என்னம்மா வாரக் கணக்கு, உன் வீடு அது என்று சொல்லத் துடித்தது.
"சரிம்மா" என்றேன்.
திரும்பும் பஸ்ஸில் சன்னலோரம். பக்கத்து இடம் காலி. ஒருவர் வந்து, "இங்க ஆள் வருதா?" என்று கேட்டார்.
"வருதுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் பின்னால் போய் நின்றுகொண்டார். வண்டி கிளம்பிவிட்டது.