ஒருமனதாக

மார்ச் 4

கூட்டம் மூலிகைக் கூடத்திலேயே நடந்தது. மூட்டைகளை ஓரம் தள்ளிவிட்டு நாற்பத்திரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். கம்பெனிக்காரருக்கும் அரசு அதிகாரிக்கும் மட்டும் நாற்காலி. எங்கள் பழங்குடிச் சங்கம் பதினோரு வருடமாகச் சொந்தக் கையால் நடத்தும் கூடத்தைக் கம்பெனி இருபது வருடக் குத்தகைக்கு எடுக்குமாம். உலர்த்தும் இயந்திரம் வருமாம். எங்களுக்குக் கூலி வேலையாம். "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று அதிகாரி கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிடித்த விஷயம் என்றால் எங்கள் ஜனம் சந்தைக்கடை மாதிரி சத்தம் போடும். பிடிக்கவில்லை என்றால் தலையைக் குனிந்துகொள்ளும். வந்தவர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல நா எழாது. எனக்குத் தெரியாதா இது? செயலாளர் நான். "ஒருமனதாக ஏற்கப்பட்டது" என்று எழுதினேன். மேலாளர் வேலை எனக்குத்தான் என்று கம்பெனிக்காரர் முன்பே காதில் போட்டிருந்தார். அதற்காக எழுதவில்லை. கூரை ஒழுகி மழைக்கு மழை பாதி இலை பூஞ்சை பிடிக்கிறது, அதற்காகத்தான் எழுதினேன். சரி — வேலைக்காகவும்தான்.

மார்ச் 5

அக்கா என்னோடு பேசவில்லை.

மார்ச் 19

கூடத்துக்குப் புதுப் பூட்டு. அந்தத் தரையைத் தன் கையால் போட்டவள் என் அக்கா. அவளை வாசலில் நிறுத்தி, நீ யார் என்று காவலாள் கேட்டானாம். நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"வாய மூடிட்டு இருந்தோம்ல, அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதாடா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அக்கா?"

"அவங்ககிட்ட எங்களுக்காகச் சொல்லத்தானே உன்னைப் படிக்க வச்சோம்?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

மார்ச் 23

கூரை, கூரைன்னு எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாலும் சோறு இறங்க மாட்டேங்குது. நான் செஞ்சது துரோகம். வேற பேரே இல்லை.

ஏப்ரல் 2

அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய், கூட்டக் குறிப்பு பொய் என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரும் மறுக்கலைன்னா சம்மதம்தானேப்பா?"

"எங்க ஆளுங்ககிட்ட அப்படி இல்ல சார். தெரிஞ்சேதான் எழுதினேன்."

"வழக்குகூட வரலாம். யோசிச்சுக்கோ."

அவர் எதிரிலேயே கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக் கோணலாகத்தான் விழுந்தது.

மே 11

வில்லங்கம் பிடித்த இடம் என்று கம்பெனி கைகழுவிவிட்டது. சாவி எங்களிடம் வந்ததும் முதல் வேலையாகக் கூட்டம் போட்டோம். கூரையை நாமே மாற்றலாமா என்று சங்கத் தலைவர் கேட்டதுதான் தாமதம், ஒரே இரைச்சல்! மரம் யார் வெட்டுவது, தகரம் யார் சுமப்பது என்று காது கிழிந்தது.

பிறகு, "இவனையே செயலாளரா வச்சுக்கலாமா?" என்றார். கப்சிப். எல்லாத் தலையும் குனிந்தது. புரிந்துவிட்டது, போதும் என்று குறிப்பேட்டை மூடப் போனேன்.

அக்கா எழுந்தாள். குரல் உடைந்திருந்தது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "வேண்டாம்."

அப்புறம் பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி, "வேண்டாம்." பக்கத்தில் இருந்தவர், "வேண்டாம்." கடைசியில் தலைவரும். அழுகையை அடக்க முடியவில்லை எனக்கு.

"நாற்பத்தோரு பேரும் வேண்டாம் என்றார்கள்" என்று எழுதினேன். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்தேன்.