அடமானப் பத்திரத்தின் நான்காம் பக்கம்

அனுப்புநர்:
பதிவு அலுவலகத்தின் பின்தெருவில் இஸ்திரி கடை வைத்திருப்பவள்.

பெறுநர்:
பதிவு அலுவலர் அவர்கள்,
மேற்படி அலுவலகம், முதல் மாடி.

பொருள்: கடன் தீர்ந்தும் அடமானம் தீராதது – காணாமல் போன நான்காம் பக்கம் இருக்கும் இடத்தைத் தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஒன்பது வருடங்களுக்கு முன் என் கணவரின் முதுகு அறுவை சிகிச்சைக்காக, தையல் கடை வைத்திருக்கும் என் கொழுந்தனாரிடம் கடன் கேட்டேன். சொந்த அண்ணனின் முதுகுதான் என்றாலும், "எதுக்கும் ஒரு பேப்பர் இருக்கட்டும் அண்ணி" என்று, எங்கள் இரண்டு அறை வீட்டை அடமானமாக எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். என் கணவர் இப்போது நாள் முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்து, நான் இஸ்திரி போடுவதில் குறை கண்டுபிடிக்கும் அளவுக்கு நலமாக இருக்கிறார்.

2. அந்தக் கடனைச் சென்ற மாதத்தோடு அடைத்து முடித்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சுவரில் ஓர் ஆணி அடித்தேன். மாட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஒன்பது வருடமாக அடிக்கத் துணியாத ஆணி. அடித்துவிட்டு அழுதேன் என்பதையும் மறைக்கவில்லை.

3. அடமானத்தை ரத்து செய்ய மூலப் பத்திரம் வேண்டும் என்றார் தங்கள் எழுத்தர். கொழுந்தனாரிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தார். தொலையாமல் இருக்கட்டும் என்று, துணி வெட்டும் அளவுக் காகிதங்களோடு சேர்த்து வைத்திருக்கிறார். முத்திரைத்தாள் நல்ல தடிமன். அவருக்கோ கண்ணாடி போடும் பழக்கம் கிடையாது. முதல் பக்கம் காலராகிவிட்டது. இரண்டாம் பக்கம் குழந்தைக் கவுனின் கை. மூன்றாவது ஜேபி, என் வீட்டின் கிழக்கு எல்லை முழுவதும் அதில்தான் இருக்கிறது. நான்காவது எங்கே என்று அவருக்கு நினைவில்லை.

4. மூன்றையும் எழுத்தரிடம் காட்டினேன். காலரைத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்து, அளவு சரியாக இருப்பதாகச் சொன்னார். கையெழுத்துகள் உள்ள நான்காம் பக்கம் கிடைத்தால் மற்றவற்றை ஒட்டியாவது ஏற்கலாமாம். "அது இல்லாம படியேறாதீங்கம்மா" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. கோபம் மட்டும் உண்டு.

5. கொழுந்தனார் வெள்ளிக்கிழமை வெளிநாட்டிலுள்ள மகளிடம் போய்விடுகிறார். திரும்பும் உத்தேசமில்லை. அவர் நேரில் கையெழுத்திடாமல் ரத்து நடக்காது. அவர் விமானம் ஏறிவிட்டால், கடனே இல்லாத என் வீடு காலத்துக்கும் அடமானத்தில் கிடக்கும்.

6. நேற்று, தங்கள் பதவி உயர்வுக்காகக் கொழுந்தனார் தைத்துக் கொடுத்த கருப்புக் கோட்டு முதன்முறையாக என் கடைக்கு வந்தது. இடது மார்பில் பெட்டியை வைத்ததும் உள்ளே சரசரவென்றது. பதினேழு வருடத் தொழிலில் எந்தக் கோட்டும் அப்படிச் சத்தம் போட்டதில்லை. ஓடிப்போய்க் கேட்டேன். "ஆமா அண்ணி, அன்னைக்கு மார்புக்குள்ள விறைப்பா வைக்கிற கேன்வாஸ் தீந்துபோச்சு, ஐயா வேற அவசரப்படுத்தினார். வெட்டல, முழுசா மடிச்சுத்தான் வெச்சேன்" என்றார்.

தையலைப் பிரிக்க ஒரு பிளேடு போதும். ஆனால் பிறர் துணியைப் பிரித்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் கிடையாது. என் வீட்டை நானே சூடு குறைத்து இஸ்திரி போட்டு, தங்கள் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். கூலி இன்னும் வரவில்லை. அது வேறு விஷயம்.

7. ஆக, எதைத் தேடி எடுத்து வரும்படி தங்கள் அலுவலகம் என்னைத் திருப்பி அனுப்பியதோ, அது தினமும் காலை பத்து மணிக்கு எனக்கு முன்பாகவே படியேறி வந்துவிடுகிறது.

8. எனவே, வியாழக்கிழமைக்குள் தங்கள் கோட்டை அரை மணி நேரம் கழற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கொழுந்தனார் தங்கள் கண்ணெதிரிலேயே பிரித்து, அசல் கேன்வாஸ் வைத்துத் தைத்துத் தருவார். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தைப்பார். அதற்கு நான் பொறுப்பு.

அதுவரை தயவுசெய்து மழையில் நனைய வேண்டாம்.

நாள்: பதினாறாம் தேதி, செவ்வாய்
இடம்: இஸ்திரி மேசை

இப்படிக்கு,
தங்கள் கோட்டைப் பிரிக்காமல் கொடுத்தவள்
(கையொப்பம்)

இணைப்பு: காலர் ஒன்று, கை ஒன்று, ஜேபி ஒன்று.