நான்காவது பாட்டு முடிந்த பிறகு

அன்புள்ள உம்மாவுக்கு மகள் ஃபரீஹாவின் ஸலாம். முட்டிவலி குறைந்ததா? ஜொகூர் பாருவில் நான் நலம்.

வாப்பா துபாயில் இருந்தபோது அவருக்கு நீங்கள் பாடி அனுப்பிய சிடியைக் கேட்க, கம்ப்யூட்டரில் மாட்டும் பழைய சிடி டிரைவ் ஒன்று வாங்கினேன். அதில் பொத்தான் வேலை செய்யவில்லை. டிரைவுக்கு உத்தரவு போடுவதற்கென்றே யாரோ எழுதிவைத்த ஒரு புரோகிராம் லைப்ரரி இருக்கிறது; அதை வைத்து நாலு வரி எழுதினேன். ‘திற’ என்றால் திறக்கிறது, ‘பாடு’ என்றால் பாடுகிறது. மூன்றாவது பாட்டைப் போடச் சொன்னேன். அது ஒன்றிலிருந்து அல்ல, சுழியத்திலிருந்து எண்ணும் என்பதை நான் மறந்துவிட்டதால் நான்காவது வந்தது.

பாட்டு முடிந்தும் ரெக்கார்டர் ஓடியிருக்கிறது உம்மா. சின்னப் பிள்ளையான என்னிடம், “உம்மாவுக்குக் காய்ச்சல்னு வாப்பாட்ட சொல்லிராதம்மா” என்கிறீர்கள்.

கூடக் கேட்டுக்கொண்டிருந்த அறைத்தோழி வைஷ்ணவி, இந்த ஊர்க்காரி, சிரித்துவிட்டாள். “அலமாக், போன வாரம் நீங்களும் இதத்தானே சொன்னீங்க! அப்படியே உங்க அம்மா லா!”

உண்மைதான் உம்மா. எனக்கு மூன்று நாள் காய்ச்சல்; உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றேன். அவள்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். இப்போது முழுக்கச் சரியாகிவிட்டது.

உங்கள் ரசப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். வேலைக்கு பஸ் வரும் நேரம். போனில் ஒரு பாட்டும் பாடி அனுப்புங்கள். பாடி முடித்ததும் உடனே நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் ஃபரீஹா