எல்லாம் கொஞ்சம் மெதுவாக

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். நீ கேட்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

ஃபேனை அணைக்காமல் போகிறேன் என்று திட்டுவாயே, இங்கே அணைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஓடும் கூடத்தில் மின்சாரத்தை அளவாகச் செலவழிக்க வைப்பது என் வேலை.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மின்பாதைகளில் ஒன்று போய்விட்டது. மிச்சமிருந்தது மொத்தப் பாரத்தையும் தாங்காது.

"கடைசி வரிசைய அப்படியே நிறுத்திடும்மா" என்றார் மேலாளர். ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் அந்த வரிசையில்தான் இருந்தன.

"வேணாம் சார். எல்லாத்தையும் கொஞ்சம் மெதுவா ஓட விடலாம்."

"தாங்கலேன்னா மொத்தமும் படுத்துடுமே!"

"தாங்கும் சார்."

சும்மா இருந்தவற்றைத் தூங்க வைத்தேன். மற்றவற்றின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். பாரம் இறங்கியது, ஆஸ்பத்திரி வேலை ஒரு நொடிகூட நிற்கவில்லை. மேலாளர் தன் கையாலேயே டீ போட்டுக் கொடுத்தார். உடனே உன்னிடம் சொல்லத் தோன்றியது. அங்கே அப்போது நடுராத்திரி, நீ தூங்கிக்கொண்டிருந்திருப்பாய்.

கூடத்தில் எப்போதும் குளிர். உன் பழைய சால்வையை அனுப்பேன். இங்கேயும் சால்வை கிடைக்கும்தான். நீ போர்த்தியதையே அனுப்பு, துவைத்துவிடாதே.

ஆபீஸ் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

உன் மூத்தவள்