மூங்கில்பள்ளத்தில் மறுபடியும் தீப்பிடிக்கும் முன்

அனுப்புநர்:
முனைவர் ச. மோகனப்பிரியா,
காட்டுச் சூழலியல் ஆய்வாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாமக்கல்.

பொருள்: காட்டுத்தீ அபாயம் – இராசிபுரம் அருகே செம்புலிக்கரடு, மேற்காட்டுப்புதூர் – ஊரை விட்டு வெளியேறும் ஒரே பாதையில் உள்ள இரும்புக் கேட்டை அகற்றவும், மூங்கில்பள்ளத்தில் குவிந்துள்ள காய்ந்த மரங்களை அப்புறப்படுத்தவும், காலஞ்சென்ற திரு. சென்னிமலை மீது பதிவான வழக்கை மறுவிசாரணை செய்யவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் இராசிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். கடந்த பதினாறு ஆண்டுகளாக சேலம், நாமக்கல் பகுதிக் கரடுகளில் காட்டுத்தீ பற்றி ஆய்வு செய்து வருகிறேன். தீ எங்கே தொடங்கியது, எவ்வழியே ஏறியது, எரிந்த இடத்தில் எது மறுபடி முளைக்கிறது, எது முளைக்கவே இல்லை என்று பார்ப்பது என் வேலை. எல்லாத் தீயும் காட்டுக்குக் கேடு என்று சொல்பவள் அல்ல நான். ஆனால் இதுவரை தீ அணைந்த பிறகுதான் எந்த இடத்துக்கும் போயிருக்கிறேன். தீ வருவதற்கு முன்பே எழுதுவது இதுவே முதல் முறை. அதனால் சொற்களில் பதற்றம் தெரிந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. மேற்காட்டுப்புதூர் செம்புலிக்கரட்டின் தோள்பட்டை போன்ற ஒரு மேட்டில் இருக்கிறது. ஐம்பது வீடுகளுக்குள் இருக்கும். குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளி, சோளம், ஆடு, இவைதான் பிழைப்பு. ஊருக்கு நேர் கீழே மூங்கில்பள்ளம் என்னும் ஆழமான ஓடை. மழைக்காலம் தவிர அதில் தண்ணீர் இருக்காது. மற்ற மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. பள்ளத்தின் ஓரமாகச் சுற்றி இறங்கும் வண்டிப்பாதை ஒன்றுதான் வெளியுலகுக்கு வழி.

3. நான்கு ஆண்டுகளுக்கு முன் பாதையின் அடிவாரத்தில் இருந்த பட்டா நிலங்களைத் தனியார் ஒருவர் வாங்கி மலை விடுதி ஒன்று கட்டினார். அறைகள் கட்ட வெட்டிய மரங்களின் கிளைகளையும் வேர்க்கட்டைகளையும் அப்படியே பள்ளத்தில் தள்ளினார்கள். விருந்தினர் பாதுகாப்புக்கு என்று சொல்லி வண்டிப்பாதையின் குறுக்கே ஆளுயர இரும்புக் கேட் போட்டார்கள். அது பொதுப்பாதை என்பதற்கு வருவாய்த்துறை வரைபடமே சாட்சி. ஊர்க்காரர்கள் காலையும் மாலையும் காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போய்வரப் பழகிக்கொண்டார்கள். ஆண்டுதோறும் கோடைக்கு முன் ஊரே கூடி வெட்டிச் சுத்தம் செய்யும் தீத்தடுப்புக் கோடு விடுதி வேலிக்குள் மாட்டிக்கொண்டது. உள்ளே போகக் கூடாது என்றார்கள். இப்போது அதில் உண்ணிச்செடி இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது.

4. சென்ற ஆண்டு மாசி மாதக் கடைசியில், உச்சி வெயில் நேரத்தில், பள்ளத்தில் தீப்பிடித்தது. தீ என்பது சரிவில் மேல்நோக்கி ஓடும்போது மனிதனை விட வேகமானது. புகையைப் பார்த்ததும் வீட்டில் இருந்தவர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், பாதை வழியாகக் கீழே ஓடினார்கள். கேட் பூட்டியிருந்தது. அன்று காவலில் இருந்த ஆத்தூர்ப் பக்கத்துக் கலையரசன் என்பவர் பின்னர் என்னிடம் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “சாவி என்கிட்ட இல்ல மேடம். மேனேஜர் எடுத்துட்டு டவுனுக்குப் போயிட்டார். போன் பண்ணா, விருந்தாளிங்க இருக்காங்க, நான் வர வரைக்கும் யாரையும் உள்ள விடாதேன்னார். அவங்க உள்ள வரல சார், உயிர் பிழைக்க வெளிய போகணும்ங்கறாங்கன்னு கத்தினேன். லைன் கட்டாயிடுச்சு.” கலையரசன் கேட் மேல் ஏறி உட்கார்ந்து குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மறுபக்கம் இறக்கினார். பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறிக் குதித்தார்கள். மறுநாள் முதல் அவருக்கு அங்கே வேலை இல்லை.

5. அப்போது திரு. சென்னிமலையும் அவர் மனைவி ராஜம்மாளும் கேட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். கூட்டத்தில் சின்னாயி இல்லை என்று சென்னிமலைக்குத்தான் முதலில் தெரிந்தது. சின்னாயி பக்கத்து வீட்டுப் பெண், இடுப்பு விழுந்து படுத்த படுக்கையாக இருப்பவர். அவருடைய மக்கள் திருப்பூரில் வேலையில் இருந்தார்கள். சென்னிமலை மேலே திரும்பி ஓடினார். சின்னாயியைத் தோளில் போட்டுக்கொண்டு, பாதையில் இறங்க முடியாததால் புல் பூண்டு இல்லாத மொட்டைப் பாறைக்குக் கொண்டு சேர்த்தார். தீ ஊரின் ஓரத்தைத் தொட்டு, இரண்டு ஆட்டுப் பட்டிகளை எரித்து, காற்று மாறியதால் தானாகத் தணிந்தது. சின்னாயி பிழைத்துக்கொண்டார். புகையைக் குடித்திருந்த சென்னிமலை தள்ளாடிக்கொண்டு கேட் வரை இறங்கி வந்து, அங்கே விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. மயங்கிக் கிடந்தவரைக் குழந்தைகளைப் போலக் கேட்டுக்கு மேல் தூக்கிக் கடத்த முடியவில்லை. சாவி வந்து சேரும்போது அவர் உயிரோடு இல்லை.

6. ஐயா, இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இம்மனு எழுத வைத்தது. புது மேய்ச்சல் புல் முளைக்கட்டும் என்று தன் ஆட்டுக்காக மேட்டுப் புல்வெளியில் சென்னிமலையே தீ வைத்தார் என்று வட்டார அளவிலான அலுவலகம் ஒன்றில் வழக்குப் பதிவாகியிருக்கிறது. இறந்தவர் பெயரில் குற்றத்தை எழுதி, தீ எப்படிப் பிடித்தது என்ற கேள்வியை அதோடு மூடிவிட்டார்கள். ராஜம்மாள் அழவில்லை. “அவரு பீடி கூடக் குடிக்க மாட்டாருங்க. அடுப்புல நெருப்புப் பொறி பறந்தாலே சத்தம் போடுவாருங்க. ஊரு முழுக்க எரிச்சவன் பொண்டாட்டின்னு எம்பட பேர எழுதிட்டாங்களே சாமி,” என்றார். அவர்களுடைய மகன் வேல்முருகன் வடமாநிலத்தில் போர்வெல் ரிக் வண்டியில் வேலை செய்கிறார். சாவுக்கு வந்தவரை விசாரணைக்கு என்று அழைத்து, அப்பாதான் தீ வைத்தார் என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். அவர் போடவில்லை.

7. தீப்பிடித்த மறுநாள் நான் அங்கே போனேன். சென்னிமலையை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். என் மழைமானியை நட்டு வைக்கத் தன் சோளக்காட்டில் இடம் கொடுத்தவர். எப்போது போனாலும், “வா சாமி, கூழு குடிச்சுட்டு அப்புறம் அளந்துக்குவியாமா,” என்பார். அன்று அவர் வீட்டு முற்றத்தில் கூட்டம் நின்றது. நான் உள்ளே போகத் துணிவில்லாமல் நேரே பள்ளத்தில் இறங்கினேன். அங்கே கண்டது இது: சரிவில் ஏறும் தீ மரத்தின் மேல்பக்கத்தில்தான் உயரமாகக் கரியேற்றும். மேலிருந்து மெல்ல இறங்கும் தீ அப்படிச் செய்யாது. பள்ளத்தில் எரிந்த எல்லா மரங்களிலும் மேல்பக்கமே உயரமாகக் கருகியிருந்தது. எரிந்த பரப்பைக் கீழ்நோக்கிப் பின்தொடர்ந்தால் அது குறுகிக்கொண்டே போய், விடுதிச் சமையலறைக்குப் பின்னால் குப்பை கொளுத்தும் குழியில் முடிகிறது. மேட்டுப் புல்வெளியில் தீ தொடங்கிய அடையாளமே இல்லை. அந்தப் புல்லில் பாதி இன்னும் எரியாமல் நின்றது. படங்களை இணைத்துள்ளேன்.

8. இதை என் ஆய்வறிக்கையில் எழுதினேன். அறிக்கையைக் கேட்டு வாங்கிய ஒரு அலுவலர் என்னை அழைத்து, “மேடம், எரிஞ்ச காட்டைப் பத்தி எழுதுங்க. எரிச்சது யாருன்னு எழுதறது உங்க வேலை இல்லை,” என்றார். தீ எங்கே தொடங்கியது என்று கண்டறியாமல் தீயைப் பற்றி எப்படி எழுதுவது என்று கேட்டேன். அவர் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். அடுத்த மாதம் காட்டுக்குள் நுழைவதற்கான என் அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. நான் பணிபுரிந்த நிறுவனம் அந்த ஒரு பத்தியை மட்டும் நீக்கித் தரச் சொன்னது. மறுத்தேன். என் ஆய்வுத் திட்டம் முடித்துவைக்கப்பட்டது. இதை என் சொந்தக் குறையாக இங்கே வைக்கவில்லை. செம்புலிக்கரட்டை இப்போது கவனிப்பவர் யாரும் இல்லை என்பதைத் தெரிவிக்கவே எழுதுகிறேன்.

9. ஒருமுறை எரிந்த இடம் உடனே மறுபடி எரியாது என்று விடுதித் தரப்பில் ஊர்க்காரர்களிடம் சொல்லி வருகிறார்கள். அது இங்கே உண்மை அல்ல. சென்ற ஆண்டுத் தீ பள்ளத்தின் ஒரு ஓரத்தை மட்டுமே எரித்தது. அது சிறிய தீ. அந்த ஓரத்தில் செத்துப்போன மரங்கள் விழாமல் நின்றுகொண்டிருக்கின்றன. ஐப்பசி மழை நன்றாகப் பெய்ததால் புல் ஆள் மறையும் உயரம் வளர்ந்து, தை பிறந்ததும் காயத் தொடங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளத்து மூங்கில் முழுவதும் சென்ற கோடையில் பூத்தது. மூங்கில் பூத்தால் கூட்டமாகச் சாகும் என்பது தாங்கள் அறிந்ததே. ஊர்ப் பெண்கள் மூங்கிலரிசி பொறுக்கினார்கள். இப்போது பள்ளத்தின் அடி முதல் நுனி வரை பச்சை என்பதே இல்லை. சென்ற வாரம் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். காற்று அடிக்கும்போது செத்த மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசை சாலை வரை கேட்கிறது. வழக்கமாக அங்கே கூடு கட்டும் தவிட்டுக்குருவிகளைக் காணவில்லை. அதன் பொருள் எனக்கு உறுதியாகத் தெரியாது. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்: அடுத்த தீ ஊரின் ஓரத்தோடு நிற்காது. பள்ளத்தில் பிடித்த தீ வீடுகளை எட்டுவதற்கு, ஒருவர் கொடியில் காயும் துணியை எடுத்து மடிக்கும் நேரம்கூட ஆகாது. விடுதியில் சனி ஞாயிறுகளில் இன்னமும் விருந்தினருக்காகத் திறந்தவெளியில் விறகு மூட்டுகிறார்கள். குப்பைக்குழியும் புகைந்துகொண்டுதான் இருக்கிறது. கேட்டில் புதிய பூட்டுத் தொங்குகிறது.

10. ஆகவே, மாசிக் காற்று தொடங்கும் முன் அந்தக் கேட்டை அகற்ற ஆணையிட வேண்டுகிறேன். அகற்ற நாளாகும் என்றால், மழை வரும் வரை பூட்டாமலாவது வைக்க வேண்டும். பள்ளத்தில் கிடக்கும் மரக்கழிவையும் செத்த மூங்கிலையும் வெட்டி வெளியேற்றவும், தீத்தடுப்புக் கோட்டைத் திறக்கவும் ஊர்க்காரர்களையே அனுமதிக்க வேண்டும். அரிவாளோடு அவர்கள் தயாராக இருக்கிறார்கள். விடுதியில் திறந்தவெளி நெருப்புக்கு உடனே தடை வேண்டும். சென்னிமலை மீதான வழக்கை இதில் தொடர்பில்லாத ஒரு அலுவலரைக் கொண்டு மறுவிசாரணை செய்ய வேண்டும். இது இறந்தவரின் மானத்துக்காக மட்டும் அல்ல. தீ வைத்தவர் செத்துவிட்டார் என்று கோப்பில் இருக்கும் வரை, உண்மையில் தீ வந்த இடத்தை யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள்.

11. நான் நாளை மேற்காட்டுப்புதூர் போகிறேன். ராஜம்மாள் தன் வீட்டில் ஒரு அறை ஒதுக்கியிருக்கிறார். மழை வரும் வரை அங்கேயே தங்குவேன். இதைப் போராட்டமாகவோ மிரட்டலாகவோ தாங்கள் கருத வேண்டாம். புகையைப் பார்த்ததும் அது எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் ஊரில் இருப்பது நல்லது என்றுதான் போகிறேன். போன ஞாயிறு அந்த ஊர்ப் பெண்களைக் கூட்டி, காற்று, சரிவு, புகையின் நிறம் இவற்றைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில் ராஜம்மாள் எழுந்து, “எல்லாஞ் செரிங்க. தீ வந்துச்சுன்னா நாங்க எந்தப் பக்கமுங்க ஓடறது?” என்று கேட்டார். பதினாறு ஆண்டுகள் படித்தும் அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதில் தங்கள் ஒருவரின் ஆணையில்தான் இருக்கிறது. விரைந்து அருள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ச. மோகனப்பிரியா

இடம்: நாமக்கல்
நாள்: 02.02.2026

இணைப்பு: எரிந்த பரப்பின் படங்களும் வரைபடமும், திரு. கலையரசனின் வாக்குமூலம், ஊர்மக்கள் கையொப்பங்கள்.