பவிக்கு வேறு ஆள் பார்த்தேன்

அக்கா,

இன்று காலை பீரோவின் அடித்தட்டைச் சுத்தம் செய்தபோது உங்கள் சீப்பு கிடைத்தது. பின்பக்கம் நீண்ட வால் வைத்த கறுப்புச் சீப்பு. பல்லிடுக்கில் நீங்கள் தேய்க்கும் மூலிகை எண்ணெயின் வாசனை இன்னும் போகவில்லை. குப்பையில் போடத்தான் எடுத்தேன். அதற்குள் பவி அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள். வால் நுனியால் நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரே இழுப்பில் வகிடு எடுத்தாள். நீங்கள் எடுப்பதுபோலவே, கொஞ்சம்கூடக் கோணாமல். எனக்கு வயிறு எரிந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்துவிட்டது. செத்துப் போனவர்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன்.

நான் தலை வாரினால் பவி கத்துவாள். சீப்பை எடுத்தாலே ஓடுவாள். நீங்கள் வாரினால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அங்கேயிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது என்று சொல்லலாம். இல்லை, அதற்கும் முன்னாலேயே, கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் ஆரம்பித்துவிட்டது.

அப்போது அவளுக்கு ஐந்து வயது. திருத்தணி பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். போன பஸ்ஸின் கண்டக்டர் மாதிரி அவள் விரலிடுக்கில் காகிதத்தைச் செருகிக்கொண்டு, "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கீது" என்று கூவிக்கொண்டிருந்தாள். பெஞ்சின் மறுகோடியில் இருந்த நீங்கள் சிரிக்கவில்லை. உற்றுப் பார்த்தீர்கள். இன்னொரு தரம் செய்யச் சொன்னீர்கள். பஸ் வருவதற்குள் அவள் உங்கள் மடியில் இருந்தாள். அரக்கோணத்தில் வீடு, விளம்பரத்துக்கும் சீரியலுக்கும் குழந்தைகளைச் சென்னைக்குக் கூட்டிப்போகும் வேலை, கோஆர்டினேட்டர் என்பார்கள் என்று சொன்னீர்கள். பிறகு, "இந்தக் கொழந்தைய எங்கிட்ட குடும்மா" என்றீர்கள். அந்தக் 'குடு' எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஆனாலும் கொடுத்தேன். எனக்கும் மகளை டிவியில் பார்க்க ஆசை இருந்தது.

மூன்று வருஷம். திருத்தணியில் நாங்கள் ரயில் ஏறுவோம், அரக்கோணத்தில் நீங்கள் ஏறுவீர்கள். அதுவரை என் தோளில் சாய்ந்து தூங்கி வருகிறவள், வண்டி பிளாட்பாரத்தில் நுழைந்ததும் எழுந்து ஜன்னலில் முகத்தை வைத்துவிடுவாள். "பெரியம்மா வந்துகினு கீது" என்பாள். அதற்குப் பிறகு சென்னை வரும்வரை நான் பையைப் பார்த்துக்கொள்கிற ஆள்தான். பெரியம்மா என்று கூப்பிடு என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அவளாக வைத்த பெயர்.

ஒருநாள் ஷூட்டிங்கில் ஒரு பையன் வந்து என்னிடம், "ஆயாம்மா, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க, பாப்பாவோட அம்மா மட்டும் இருக்கட்டும்" என்றான். அம்மா என்று அவன் கை காட்டியது உங்களை. நீங்கள் பதறிப்போய், "ஐயோ, அவங்கதாம்பா அம்மா" என்று சொல்லிச் சிரித்தீர்கள். பவியும் சிரித்தாள். நானும் பல்லைக் காட்டினேன். அன்றைக்கு உடுத்தியிருந்த புடவையை அப்புறம் நான் கட்டவேயில்லை.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் இருக்கும் ஒரு மேனேஜரின் நம்பர் கிடைத்தது. சொந்தமாக ஆபீஸ் வைத்திருந்தார். சீரியலோடு நிற்காமல் சினிமாவுக்கே கொண்டுபோவதாகச் சொன்னார். கேட்டவர்களிடமெல்லாம் நான் இந்தக் காரணத்தைத்தான் சொன்னேன். அவரிடம் எனக்குப் பிடித்தது வேறு. எந்தக் குழந்தையும் மடியில் ஏறி உட்காருகிற முகமே இல்லை அவருக்கு.

ஆனால் உங்களிடம் எப்படிச் சொல்வது? ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டுமே. தேடித் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. குறை இல்லாத ஆளை வெறுப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா அக்கா? கடைசியில் சாமியை இழுத்தேன்.

கைக்குழந்தையில் மஞ்சள் காமாலை வந்தபோது அவளுக்கு மலைமேல் இரண்டு மொட்டை வேண்டியிருந்தேன். ஒன்று முடிந்தது, இன்னொன்று பாக்கி. உங்களுக்கும் தெரியும். சீரியலில் அவள் ரெட்டைச் சடை போட்ட பெண்ணாக வந்துகொண்டிருந்தாள். "இது முடியட்டும், நானும் கூட வந்து மொட்டை போட்டுக்கறேன்" என்று சொல்லியிருந்தீர்கள். ஆடிக் கிருத்திகை வந்தது. அடுத்த வாரம் ஆறு நாள் ஷூட்டிங் இருந்தது. காவடிக் கூட்டத்தோடு அவளைக் கூட்டிக்கொண்டு மலையேறினேன். முடி விழ விழ அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரியம்மாகிட்ட சொல்லிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். ஆங், சொல்லிட்டேன் என்றேன்.

இறங்கி வந்த பிறகுதான் உங்களுக்கு போன் செய்தேன். கனவில் சாமி வந்து கேட்டது, தள்ளிப்போட முடியவில்லை என்றேன். நம் ஊர்ப் பக்கம் இதற்கு மறுபேச்சு கிடையாது. வேண்டுதல் என்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். நீங்கள் கத்துவீர்கள், நானும் பதிலுக்குக் கத்தலாம், அந்தச் சண்டையைச் சாக்காக வைத்து விலகிவிடலாம் என்பதுதான் என் கணக்கு.

நீங்கள் கத்தவில்லை. மறுநாள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். துண்டால் தலையை மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவளை இழுத்து மடியில் உட்காரவைத்து, மொட்டைத் தலையைத் தடவி, "எவ்ளோ அழகா கீற" என்றீர்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இனிமேல் பவியை வேறு ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். நீங்கள் அவள் தலையில் வைத்த கையை எடுக்கவில்லை.

"சரிம்மா. அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. ரொம்ப நேரம் லைட்டு அடிச்சா பாப்பாவுக்கு வலது கண்ணுல தண்ணி வரும். அழுவுறான்னு நெனச்சிடப் போறாரு. ரெண்டு நிமிஷம் கண்ண மூடிக்கினா சரியாப் பூடும்."

பெற்றவள் எனக்கு அது தெரியாது அக்கா. எட்டு வருஷமாக அவளுக்குச் சோறு ஊட்டுகிறேன், எனக்குத் தெரியாது. பஸ் நிறுத்தம்வரை உங்களோடு பவிதான் வந்தாள். நான் வாசலுக்குக்கூட வரவில்லை. நீங்கள் அந்தச் சீரியல் கம்பெனியில், "ஷூட்டிங் தேதிய அவங்கம்மாகிட்ட சொல்ல மறந்தது என் தப்பு" என்று பழியை ஏற்றுக்கொண்டதும், அவர்கள் கதையில் அந்த ரெட்டைச் சடைப் பெண்ணை ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டு உங்களைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டதும், இன்னொரு குழந்தையின் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனாலும் உங்களுக்கு போன் செய்யவில்லை.

முடி வளர்ந்த பிறகு மேனேஜர் ஒரு பிஸ்கட் விளம்பரத்துக்குக் கூப்பிட்டார். பவி கடித்துவிட்டுச் சிரிக்க வேண்டும். நன்றாகத்தான் சிரித்தாள். நாலாவது தடவை வலது கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. "பயந்த கொழந்தைய எதுக்குக் கூட்டிகினு வந்தீங்க?" என்று மேனேஜரைத்தான் அதட்டினார்கள். நான் கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒரே ஒரு வரி சொன்னால் போதும். அந்த வரி உங்களுடையது. அதைச் சொன்னால் அங்கேயும் நீங்கள் வந்து அம்மாவாக நின்றுவிடுவீர்கள். வாயைத் திறக்கவில்லை. மதியத்துக்குள் வேறு ஒரு குழந்தையை வரவழைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த மேனேஜர் என் போனை எடுக்கவில்லை. வேறு யாரும் கூப்பிடவும் இல்லை.

திரும்பி வரும்போது ரயிலில் பவி, "கண்ணு விசயம் நீ ஏம்மா அவங்ககிட்ட சொல்லல?" என்றாள். மறந்துட்டேன் என்றேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை, முகம் சுளிக்கவில்லை, உங்கள் வீட்டுக்குப் போகவேண்டும் என்று அடம்பிடிக்கவுமில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. என்ன இருந்தாலும் பெற்றவள் பெற்றவள்தான் என்று நினைத்துக்கொண்டேன். உங்களை ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

போன வருஷம் நீங்கள் போன செய்தி வந்ததும் பவியோடு அரக்கோணத்துக்கு வந்தேன். அவள் உங்கள் காலடியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். உங்கள் வீட்டார் என்னை யாரென்று கேட்டார்கள். பவியோட அம்மா என்றேன். "ஓ, நம்ம பவியோட அம்மாவா" என்று சேர் எடுத்துப் போட்டார்கள்.

திரும்பும் வழியில் ரயிலில், நான் எதுவும் கேட்காமலே பவி சொன்னாள்.

"சாமி கனவுல வர்லன்னு பெரியம்மாவுக்கு அன்னிக்கே தெரியும்மா. பஸ் ஸ்டாப்புல சொல்லிச்சு. 'உங்கம்மாவுக்கு உன்ன யாருக்கும் விட்டுக்குடுக்க மனசு வர்ல. அவ்ளோ ஆச உம்மேல. என்ன நடந்தாலும் அம்மாகிட்ட கோச்சுக்காத, என்ன'ன்னு கையில சத்தியம் வாங்கிக்கிச்சு. அதான் நான் உங்கிட்ட எதுவும் கேக்கல."

குழந்தைகளுக்கு ஊரெல்லாம் அலைந்து வாய்ப்பு வாங்கிக் கொடுத்தீர்கள். எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறீர்கள். என் மகள் என்னை வெறுக்காமல் இருக்கிறாள். அதை வைத்துக்கொண்டுதான் நான் இன்னும் அவளுக்கு அம்மாவாக இருக்கிறேன். அதுவும் உங்கள் தயவு என்று நினைக்கும்போது, இப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது, அக்கா.