தலையில் ஒட்டிய பச்சை

மார்ச் 4, செவ்வாய்

காலைக் கூட்டத்தில் பதினான்கு பேர் முன்னிலையில் எங்கள் ஆய்வகத் தொழில்நுட்பரைக் கண்டித்தேன். பதினோரு ஆண்டுகளாகச் செல்களை வளர்த்துத் தருபவர், எல்லோருக்கும் ‘அக்கா’. அவர் காட்டிய படத்தில், நாங்கள் ஆராயும் புரதம் செல்லைவிட்டு வெளியேறுகிறது. அது வெளியேறாது என்பதுதான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் வெளியிட்ட கட்டுரையின் முடிவு. அன்று புரதத்தோடு பச்சையாக ஒளிரும் அடையாளம் ஒன்றை ஒட்டியிருந்தேன். இவர் எதையும் ஒட்டாத இயல்பான புரதத்தைப் பார்த்திருக்கிறார். அதனால் என்ன வேறுபாடு வந்துவிடும்? தட்டுகளை மாற்றி வைத்துவிட்டார் என்றேன்.

“மாத்தல சார். நாலு தடவை செஞ்சேன். நாலு தடவையும் வெளிய வருது.”

“நாலு தடவையும் தப்பா செஞ்சிருப்பீங்க.”

யாரோ சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

மார்ச் 6, வியாழன்

கவனக்குறைவு குறித்து விதி ஒன்பதின்படி அறிக்கை அனுப்பினேன். விசாரணை முடியும்வரை அவருக்குக் கண்ணாடிக் கலங்கள் கழுவும் அறையில் பணி. குற்றம் உறுதியானால் வேலையே போகலாம். வீட்டில் சொன்னேன்.

“பதினோரு வருஷம் ஒரு தப்பும் பண்ணாதவங்க இப்ப எதுக்குங்க பண்ணப் போறாங்க?” என்றாள் மனைவி.

ஆதாரம் இருக்கிறது என்றேன்.

“உங்ககிட்ட ஆதாரம் இல்லாத நாள் எது?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மார்ச் 7, வெள்ளி

அக்கா படிக்கட்டில் எதிர்ப்பட்டார். நான் கைப்பேசியைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

மார்ச் 11, செவ்வாய்

விசாரணைக் குழுவுக்கு அனுப்பும் கோப்பில், கட்டுரைக்காக வடிவமைத்த மரபணுவின் வரைபடமும் இருக்க வேண்டும் என்பது விதி. பழைய குறிப்பேட்டைத் திறந்து, அளவுகோல் வைத்து வரைந்தேன். பச்சைக் கட்டம் முதலில். அதன் பின் எங்கள் புரதம்.

வரைந்து முடித்ததும் அந்தப் பச்சைக் கட்டத்தை விரலால் மறைத்துப் பார்த்தேன்.

வெளியே போக வேண்டிய புரதத்துக்குத் தலைப்பகுதியில் இருபது சொச்சம் அமினோ அமிலங்கள் கொண்ட ஓர் அனுமதிச் சீட்டு உண்டு. ரைபோசோமில் புரதம் உருவாகத் தொடங்கியதும் முதலில் தலை நீட்டுவது அதுதான். அதைக் கண்டால்தான் செல் அந்தப் புரதத்தை எண்டோபிளாச வலைக்குள் இழுத்துக்கொள்ளும். அங்கே அது மடிந்து உருப்பெறும், கோல்கி உறுப்பில் மெருகேறும், பிறகு குமிழில் ஏறி வெளியே போகும். சீட்டுக்கு முன்னால் வேறொன்றை ஒட்டினால் சீட்டு மறைந்துபோகும். புரதம் பிறந்த இடத்திலேயே நின்றுவிடும்.

நின்றது. புரதத்தின் இயல்பால் அல்ல. நான் முன்னால் ஒட்டிய பச்சையால்.

“வாலில் ஒட்டுங்கள், தலையில் ஒட்டாதீர்கள்” என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்பவன் நான். வாலில் ஒட்ட இன்னும் ஒரு வாரம் ஆகியிருக்கும்; தலையில் ஒட்டுவதற்கான பொருள் கைவசம் இருந்தது. குறிப்பேட்டில் இருப்பது என் கையெழுத்து; கீழே இருப்பது என் கையொப்பம். என்னய்யா செஞ்சு வெச்சிருக்க — ஐம்பது வயசு — அந்தம்மா நாலு தடவை சொன்னாங்களே, ஒரு தடவை காது குடுத்துக் கேட்டியா?

மார்ச் 12, புதன்

இயக்குநரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“ஆதாரம் போதலைன்னு ஒரு வரி எழுதுங்க, விசாரணையை மூடிடலாம். அந்தக் கட்டுரையை இப்ப யாரு தோண்டப் போறா? சும்மா இருக்கிற சங்கை ஊதாதீங்க.”

ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதவே கூசுகிறது. அறிக்கையைத் திரும்பப் பெற்றேன். காரணம் எழுதவில்லை.

மார்ச் 13, வியாழன்

கழுவும் அறைக்குப் போனேன். அக்காவுக்கு முழங்கைவரை ரப்பர் கையுறை, சுற்றிலும் குடுவைகள். தவறு என்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் குழாயை மூடினார்.

“எப்ப தெரிஞ்சுது சார்?”

“செவ்வாய்க்கிழமை.”

“இன்னிக்கு வியாழன்.”

குடுவை ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

“திட்டினது கூட்டத்துல. மன்னிப்பு மட்டும் குழாயடியிலயா?”

இவ்வளவு நிதானமாக அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

மார்ச் 15, சனி

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு எழுதினேன். மனைவி படித்துப் பார்த்தாள். “சுத்தி வளைக்காம எழுதியிருக்கீங்க” என்றாள். மூன்றாவது வரைவு அது. முதல் இரண்டையும் அவள் பார்க்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். பலகையில் வரைந்தும் காட்டினேன். “பிழை நேர்ந்துவிட்டது” என்று வாய் இரண்டு முறை நழுவியது. இரண்டு முறையும் “பிழை செய்தேன்” என்று திருத்தினேன். அக்காவின் படம்தான் சரி, நான்கு முறையும் சரி என்றேன். யாரும் சிரிக்கவில்லை. இயக்குநர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கடைசி வரிசையில் இருந்தார். முடிந்ததும் நாற்காலியை ஓசையில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

மார்ச் 24, திங்கள்

மேல்மாடி ஆய்வகத்துக்கு மாற்றம் கேட்டு அக்காவின் விண்ணப்பம் வந்தது. காரணம் என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும். முழுமையாக நிரப்பாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதியை எழுதியவனும் நான்தான்.

கையொப்பமிட்டு அனுப்பிவிட்டேன்.